இடது சீட்டில் உட்கார்ந்த ஆத்மா

எலும்பு முறிந்தால் கட்டுப் போடப் புத்தூருக்குப் போவது பழைய வழக்கம். கார் கோணலாக ஓடினால் ஸ்டியரிங் சாமியிடம் போவது புது வழக்கம். இந்தப் புது வழக்கத்துக்கு வயது எட்டு மாதம்தான். ஆனால் பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தது.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, புறவழிச் சாலை வந்த பிறகு வண்டிகள் கைவிட்ட பழைய சாலை ஒன்று கிடக்கிறது. அதன் ஓரத்து வேப்பமரத்தில் யாரோ ஒரு லாரி ஸ்டியரிங்கை ஆணியடித்து மாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டார்கள். மாலை விழுந்த பிறகு, இது எந்தக் காயலான் கடையிலிருந்து வந்தது என்று கேட்பது பாவம் அல்லவா? யாரும் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கார்கள் வரிசை கட்டி நின்றன. நாயுடுபேட்டையிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். குப்பம் ஊரிலிருந்து ஒரு கிரானைட் முதலாளி வந்தார். சித்தூரிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார்கூட வந்தார். இயற்பியல் வாத்தியார்.

அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியாரைத்தான் ஸ்டியரிங் சாமி என்றார்கள். அவருடைய கண்டுபிடிப்பு இதுதான். கையை விட்டால் கார் இடது பக்கம் இழுக்கிறதா? அப்படியானால் இடது சீட்டில் ஓர் ஆத்மா உட்கார்ந்திருக்கிறது. இறங்க இடம் தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறது. வலது பக்கம் ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், "அங்கதான் டிரைவர் இருக்காரே" என்பார் சாமி. நம் ஊர் ஆத்மாக்களுக்கு இவ்வளவு இடம் பார்த்து நடந்துகொள்ளத் தெரிந்திருப்பது நமக்கெல்லாம் பெருமைதான்.

மாசிலாமணிக்கு இந்தப் பெருமை போன வாரம்தான் தெரிய வந்தது.

மாசிலாமணி நகரியில் நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு கார் வாங்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக ஆசைப்பட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வெள்ளி நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். அதை வாசலில் நிறுத்திய அன்று தெருவே வந்து பார்த்தது. கண் பட்டுவிடுமே என்று அன்று மாலையே வாசல் தூணில் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை ஒன்றை மாட்டினார். நாலு ஆணி அடித்தார். மூன்று இறங்கியது. நாலாவது வளைந்துகொண்டு துள்ளி எங்கேயோ விழுந்தது. குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. மூன்று ஆணி போதும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரமே கார் இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது.

"மாமா, மெக்கானிக்கிட்ட போவாத. அவன் நல்லா இருக்கிறதையும் கழட்டிப் போட்டுடுவான்," என்றான் மச்சான் தணிகைவேல். அவனுக்கு உலகத்தில் தெரியாத சாமியே கிடையாது. "இது ஸ்டியரிங் சாமி கேசு. நேரா அங்க போ."

மாசிலாமணியின் மனைவி செங்கம்மா தறியில் ஊடைநூல் ஓட்டும் நாடாவை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னாங்க, டயரைப் பாத்தீங்களா?"

"டயர் இன்னா பண்ணும்மே? வட்டமாத்தான இருக்குது."

அதோடு டயர் விசாரணை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் ரோஹிணியின் குழந்தைக்குத் திருமலையில் மொட்டை. குடும்பமே அந்தக் காரில்தான் மலையேற வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை காலை, ஒரு சொந்தக்காரர் வீட்டில் புதுத் தறி இறக்கி மட்டம் பார்த்து முடித்த கையோடு, மாசிலாமணி செங்கம்மாவை ஏற்றிக்கொண்டு சாமியிடம் கிளம்பினார். தறி வேலைப் பை அப்படியே டிக்கியில் கிடந்தது.

பழைய சாலையில் கூட்டம் அலைமோதியது. சுண்டல், இளநீர், எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்கில் கட்டும் கயிறு எல்லாம் விற்றார்கள். வரிசையின் முகப்பில் சாமியின் சொந்தக் கார் நின்றது. புத்தம் புதுசு, வெள்ளை, பெரியது, தினமும் பூஜை வாங்குவது. சாமிக்கு ஐம்பது வயதிருக்கும். காவி வேட்டி, காவித் துண்டு, நீண்ட தாடி, வெயிலில் கருத்த பலமான கைகள். தவம் செய்து கருத்த கைகள் என்று பக்கத்தில் ஒரு பெண்மணி அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முறை இப்படி. முதலில் சோதனை. "ஓரமாப் போ. நடுவுல சாமி பாதை, மிதிக்காத," என்று சீடன் விரட்டுவான். சாலையின் இடது ஓரமாகக் காரை ஓட்டி, வெள்ளை அடித்த கல் வந்ததும் கையை விட வேண்டும். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கூட்டம் "கோவிந்தா!" என்று கத்தும். பிறகு பரிகாரம். பம்பை அடிப்பார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பிறகு சாலையின் நட்டநடுவே சாமி மஞ்சளால் ஒரு கோடு போடுவார். கோடு காருக்கு நடுவில் வரும்படி ஓட்டிக் கையை விட வேண்டும். கார் நேராகப் போகும். மறுபடி "கோவிந்தா!" இந்த முறை கொஞ்சம் கூடுதலாக.

மாசிலாமணியின் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு மலையேற வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைக் கல் அருகே கையை விட்டார். கார் ஒரேயடியாக இடது பக்கம் பாய்ந்து கிட்டத்தட்டப் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. இவ்வளவு பலமான ஆத்மாவை அவர்கள் பார்த்ததில்லை.

சாமி ஜன்னலில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "இடது சீட்ல ஒரு ஆத்மா உக்காந்துக்கினு இருக்குது. பொம்பள ஆத்மா. ரொம்பப் பிடிவாதம்."

"ஆமா சாமி," என்றாள் இடது சீட்டிலிருந்து செங்கம்மா. "நான்தான் உக்காந்துக்கினு இருக்கேன்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. அவளைக் கீழே இறக்கிவிட்டுப் பரிகாரத்தைத் தொடங்கினார். பம்பை முழங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மஞ்சள் கோடு விழுந்தது. மாசிலாமணி கோட்டின்மேல் ஓட்டிக் கையை விட்டார்.

கார் அப்போதும் இடது பக்கம்தான் போனது. ஆனால் கொஞ்சமாக.

எட்டு மாதத்தில் இப்படி நடந்ததில்லை. சாமி ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான்.

"பாதி ஆத்மா இறங்கிடுச்சி," என்றார். "மீதிப் பாதி இறங்காது. இந்த வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கினு போவாத. மலைப் பாதையில பள்ளத்துப் பக்கம் இழுத்துடும். பச்சைக் கொழந்தை வேற வருதுன்ற. இங்கயே விட்டுடு."

குழந்தையைச் சொன்னதும் மாசிலாமணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "காரை விட்டுட்டு நான் இன்னா சாமி பண்றது?"

"தோஷ வண்டியைத் தாங்கற ஜாதகம் நம்ம வெங்கட்டுக்கு மட்டும்தான் இருக்குது. பாவம், ஊர் தோஷத்தையெல்லாம் அவனே வாங்கிக்கிறான். ஏதோ குடுக்கறதைக் குடுப்பான், வாங்கிக்கினு போ."

கறுப்புக் கண்ணாடி போட்ட வெங்கட் மரத்தடியிலிருந்து தியாகம் செய்யத் தயாராக எழுந்து வந்தான். அவன் சொன்ன விலைக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஸ்கூட்டரும் வாங்கலாம். மாசிலாமணி சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். காரின் கூரையைக் கையால் ஒருமுறை தடவினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷ ஆசை, மூன்றே வாரத்தில் பாதி ஆத்மாவுக்குப் போகிறதே.

செங்கம்மா காரையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காருக்காகச் சீடன் ஓரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று, தானாக உருண்டு உருண்டு இடது பக்கப் பள்ளத்தில் போய் விழுந்தது. சீடன் அதை எடுத்து வந்து மறுபடி வைத்தான். மறுபடி உருண்டது.

"பாத்தியா, பழத்தையே இழுக்குது!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செங்கம்மா கணவனின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள்.

"இன்னாங்க, தறியில துணி ஒரு பக்கமா ஒதுங்கினா நாம இன்னா பண்ணுவோம்?"

"மட்டம் பாப்போம்."

"தறிக்குப் பேய் ஓட்டுவோமா?"

"சேச்சே! தறிக்கு எதுக்குமே பேய்..." என்று தொடங்கிய மாசிலாமணி பாதியில் நிறுத்தினார். முப்பது வருஷமாக மட்டம் பார்க்கிறவர். ஒரு நூல் கனம் சாய்ந்திருந்தாலும் தறிக்கால் அடியில் தகடு செருகாமல் விடமாட்டார். காருக்கு மட்டும் மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. டிக்கியைத் திறந்து, தறிப் பையிலிருந்து, குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த ரசமட்டத்தை எடுத்தார்.

மஞ்சள் கோட்டின் குறுக்கே அதை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. வெள்ளைக் கல் பக்கத்தில், சாலை ஓரத்தில் குறுக்கே வைத்தார். குமிழி மேட்டுப் பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

"ரோடு சாஞ்சிருக்குது!" என்று கத்தினார் மாசிலாமணி. "ஓரத்துல எந்த வண்டியை விட்டாலும் அந்தப் பக்கம்தான் போவும்!"

"அபசாரம்!" என்றார் சாமி. "சக்தியைக் குழாய் வெச்சி அளக்கறியா?"

"சரி, அளக்க வேணாம்," என்றாள் செங்கம்மா. "உங்க வண்டி தினம் பூஜை பண்ற வண்டி. அதுல ஆத்மா கீத்மா எதுவும் ஏறாதில்ல?"

"கிட்ட வராது!"

"அப்ப அதை ஓரமா ஓட்டிக் கையை விடுங்க சாமி. நேராப் போனா என் வண்டியை சும்மாவே குடுத்துட்டுப் போறேன்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. கூட்டத்துக்குப் பரிகாரத்தைவிடப் பந்தயம் எப்போதும் பிடிக்கும். "ஓட்டு சாமி, ஓட்டு சாமி" என்று விசில் பறந்தது. சாமி வயிற்றுவலி என்றார். யாரும் விடவில்லை. அன்றும் வந்திருந்த குப்பத்து கிரானைட் முதலாளியே சாமியின் காரில் ஏறி ஓரமாக ஓட்டினார். வெள்ளைக் கல் வந்தது. கையை விட்டார். தினம் பூஜை வாங்கும் புத்தம் புது வெள்ளைக் கார் அழகாக, அடக்கமாக, இடது பக்கம் ஒதுங்கியது.

"சாமி, உங்க வண்டியில உக்காந்துக்கினு இருக்கிறது யாரு?" என்று கேட்டாள் செங்கம்மா.

சாமிக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் காவி மறந்துபோயிற்று. "ஏமே, உனுக்கு இன்னா தெரியும்? ரோடுன்னா ஓரத்துல வாட்டம் குடுக்கத்தான் வேணும்! இல்லாட்டி மழைத்தண்ணி எப்பிடி எறங்கிப் போவும்? நடுவுல உசத்தி, ரெண்டு பக்கமும் சரிச்சித்தான் போடணும், அது தெரியாம..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்த வார்த்தை வந்ததுதான்.

பின்னாலிருந்து, தார் வேலைக்குப் போகிற ஒரு பெண் முன்னே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். "அய்ய, இது நம்ம மேஸ்திரி! இந்த ரோடு போட்டப்ப ரெண்டு மாசம் எங்களை வேலை வாங்குன ஆளு! அப்ப இவ்ளோ தாடி இல்ல."

வரிசையில் நின்ற சித்தூர் இயற்பியல் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாய்தளம்! திங்கக்கிழமைதான் பசங்களுக்கு இதை நடத்துனேன்!"

"பசங்களுக்குப் புரிஞ்சிதா சார்?" என்று கேட்டாள் செங்கம்மா.

இதற்குள் வெங்கட்டின் தியாகம் மரத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சாமி தன் காரில் பாய்ந்து ஏறினார். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நட்டநடுவாக.

அப்புறமும் மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "நடுவுல விட்டப்பவும் நம்ம வண்டி கொஞ்சம் இழுத்துதே. அந்த பாதி ஆத்மா யாரு?"

"டயரைப் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

புத்தூரில் பஞ்சர் கடைக்காரர் முன்னால் இடது டயரை ஓர் உதை விட்டார். பாதிக் காற்றுதான் இருந்தது. "ஒரு பக்கம் காத்து கொறைஞ்சா வண்டி அந்தப் பக்கம்தான்ணா இழுக்கும்," என்று சொல்லி, டயரைக் கழற்றி, குறட்டால் ஒன்றைப் பிடுங்கி மாசிலாமணியின் உள்ளங்கையில் போட்டார். "இதோ, உங்க ஆத்மா."

வளைந்த ஆணி. மாசிலாமணி அதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். திருஷ்டி பொம்மையின் நாலாவது ஆணி. காருக்குக் கண் படக்கூடாது என்று அடித்தது, காரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. செங்கம்மா சிரித்த சிரிப்பில் பஞ்சர் கடைக்காரரும் விஷயம் புரியாமலே சிரித்தார். மாசிலாமணிக்கும் வேறு வழியில்லை, சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் அந்தக் காரில் மலையேறினார்கள். கார் நூல் பிடித்தாற்போலப் போனது. போகிற வழியெல்லாம் தணிகைவேல் பின் சீட்டில் ரசமட்டத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். திரும்பும்போது குழந்தை மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டே வந்தது.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை மாசிலாமணி கதவைத் திறந்தார். வாசலில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன. முதல் காரிலிருந்து தணிகைவேல் இறங்கினான். கையில் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம், குங்குமம், முழம் பூ.

"அக்கா, அந்த ரசமட்டத்தை வெளிய எடுத்துக்கினு வா. எல்லாரும் ஒருவாட்டி கும்புட்டுக்கினு போயிடறாங்க. ரொம்ப சக்தியாமே!"

வெளியே வந்த செங்கம்மா அவன் தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இதை நான் சாதத்துல பிழிஞ்சி துன்னுக்கிறேன். மட்டத்துக்குப் பொட்டு வெக்காதடா. குமிழி தெரியாமப் போயிடும். முதல்ல போயி எல்லாரும் அவங்கவங்க டயரைப் பாருங்க."