முல்லைத்தீவில் டானூப் ஓடுவதில்லை

பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்த அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: மாலி நாட்டுக்காரன் ஒருவன், விலைச்சீட்டுக் கழற்றாத புதுக் கோட்டோடு. அல்ஜீரியாக் கிழவி ஒருத்தி, வந்ததில் இருந்து அழுதபடி. சீனக்காரன் ஒருவன், பக்கத்தில் மனைவி. ஹெய்ட்டி நர்ஸ் ஒருத்தி. நான். மற்றவர்கள் எந்த நாடு என்று தெரியாது. ரோமன் வரவில்லை.

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கால் வைத்த தமிழர்களில் ரோமனைப்போல ஒரு விசரன் இருந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. இதை எங்கேயும் சொல்லுவேன்.

சொந்தப் பெயர் வேறு. வன்னியில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். சண்டை முடிந்த அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். நான் கோப்பை கழுவிய சாப்பாட்டுக்கடையில் வெங்காயம் உரிக்க விட்டார்கள். நாட்டில் இருக்கப் பேப்பர் இல்லை, கள்ள வேலைதான். முதல் நாளே மிளகு டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"முதலாளி, ரோமாபுரியை வளைச்சு நிண்ட கோத்தர், விட்டுட்டுப் போறதுக்கு என்ன கேட்டவங்கள் தெரியுமோ?"

"வெங்காயம் முடிஞ்சுதோ?"

"பொன் கேட்டவங்கள். பட்டுக் கேட்டவங்கள். அதோடை மிளகு. எங்கடை பக்கத்து மிளகு!"

முதலாளி யோசித்தார். டின்னை வாங்கி மூடினார். "அவ்வளவு பெறுமதியெண்டா இனி ரசத்துக்குக் கொஞ்சமாய்ப் போடுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து பெயர் ரோமன்.

எதைத் தொட்டாலும் ரோமன்தான் செய்தவன். றோட்டு ரோமன். சீமெந்து ரோமன். சட்டம் ரோமன். ஆடி ஆவணியில் கடை வெறிச்சோடினால், "ஜூலையும் ஓகஸ்டும் ரெண்டு ரோமன் ராசாக்களின்ரை பேர், அதுதான் மரியாதைக்கு ஒருத்தரும் வாறேல்லை" என்பார். சாப்பிட்டு முடித்தவர்கள் மேசையை விட்டு எழும்பாவிட்டால் முதலாளி பல்லைக் கடிப்பார். ரோமன் சமாதானம் சொல்லுவார்: "விடுங்கோ முதலாளி, ரோமன் படுத்துக் கிடந்தெல்லோ சாப்பிட்டவன்."

"இஞ்சை படுத்தா வாடகை எடுப்பன்" என்றார் முதலாளி.

நான் பாரிசுக்கு வந்து நாலு வருடம் ஆகியும் ஈபிள் கோபுரம் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு ரோமன் வா என்றார். கோபுரத்துக்கு என்று நினைத்துத் தலையை வாரி இழுத்துப் போனேன். ஸ்டாலின்கிராட் மெட்ரோவடியில் இருந்து ஆற்றங்கரை வரைக்கும் நடத்தினார். மெட்ரோ டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது.

"பாரும், வளைவே இல்லை. ரோமன் போட்ட றோட்டு."

"மெட்ரோவும் நேராத்தான் போகுது அண்ணை."

"மெட்ரோ நேத்தையான் சாமான்."

ஆற்றைத் தாண்டி ஒரு இடிந்த குளிப்பு மண்டபத்தின் முன்னால் நிறுத்தினார். பெரிய சுவர். கல்லும் செங்கல்லும் வரி வரியாக. இதுக்குத்தான் தலை இழுத்தேனா என்று வந்தது.

"குளிச்ச ஆக்கள் எங்கை?" என்று கேட்டேன்.

"ஆக்கள் போயிட்டினம். சுவர் நிக்குது."

"எங்களுக்கு ரெண்டும் இல்லை."

திரும்பும்போது ரோமன் தானாகவே மெட்ரோப் படியில் இறங்கினார்.

அவருக்கு மிகவும் பிடித்த ராசா ஒருவன் இருந்தான். கொடியவன், தம்பியைக் கொன்றவன். ஆனால் ஒரே உத்தரவில் நாடு முழுக்க இருந்த சனத்துக்கு ரோமன் குடியுரிமை கொடுத்தவன். "விசாவுக்குப் பிரெவெக்சர் ஒப்பீஸ் வாசல்லை விடிய விடிய நிக்கத் தேவையில்லை. விரல் அடையாளம் இல்லை. எல்லாருக்கும் பேப்பர்!" என்று கத்தியை ஆட்டுவார்.

"ஏன் குடுத்தவன்?" என்றார் முதலாளி.

"வரி எடுக்க."

"அதுதானே பாத்தன்."

"அடிமையளுக்கும் குடுத்தவனோ?" என்று நான் கேட்டேன்.

"அவைக்கு இல்லை."

சரி என்று சட்டியைத் தேய்த்தேன்.

ரோம் ஏன் விழுந்தது என்று கேட்டால் மட்டும் குரல் தணியும். சண்டைக்குப் பயந்து கோத்தச் சனம் அகதியாக டானூப் ஆற்றங்கரைக்கு வந்தது. ரோமன் உள்ளே விட்டான். சாப்பாடு விடவில்லை. அதிகாரிகள் நாயைப் பிடித்து இறைச்சிக்கு விற்றார்கள். ஒரு நாய்க்கு விலை ஒரு பிள்ளை. தாய் தகப்பன் பிள்ளையைக் கொடுத்து நாயை வாங்கினார்கள். பிறகு அதே சனம் எழும்பி ரோமன் ராசாவையே கொன்றது. "விழுத்தினது கோத்தன் இல்லை. அந்த நாய்" என்பார். இதைச் சொல்லும்போது வெங்காயம் உரிக்கமாட்டார். ஆனாலும் கண் கலங்கியிருக்கும்.

ரோமனின் முதல் அகதி விண்ணப்பம் தள்ளுப்பட்டது. அப்பீல் வந்தது. லாச்சப்பலில் அப்பீலுக்குப் போகிறவனுக்குக் கேஸ் பழக்குவது வழக்கம். சமையலறையில் முதலாளி வெங்காயச் சாக்கில் ஏறி நீதிபதியாக இருந்தார். ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அகப்பையால் தட்டினேன்.

"உமக்கு என்ன நடந்தது?"

ரோமன் கையைக் கட்டினார். "சனம் ஆத்தங்கரைக்கு வந்தது."

"எந்த ஆறு?"

"டானூப்."

"அண்ணை, முல்லைத்தீவிலை டானூப் எங்கையண்ணை ஓடுது?"

கேட்டுவிட்டு நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. சாக்கில் இருந்து இறங்கி வந்து என்னிடம் மெல்லமாகச் சொன்னார். தன்னுடைய மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் கடைசிச் சண்டையில் ரோமனோடு வந்தவராம். கடல்நீரேரியைக் கடக்கும்போது ரோமனின் தோளில் மகன் இருந்தான். ஏழு வயது. கரையேறினபோதும் தோளில் இருந்தான். உயிர் இல்லை. இறக்கி வைக்கச் சொன்னதற்கு, பிள்ளை நித்திரை என்று சொல்லி இன்னும் தூரம் நடந்தாராம்.

"அதை ஒருக்காச் சொன்னா பேப்பர் குடுப்பாங்கள். மதாமும் அதைத்தான் கேக்கிறா" என்றார். மதாம் என்றது வக்கீலை.

"நீங்கள் சொல்லுங்கோவன்."

"நான் சொன்னாச் செல்லாது. அவன்ரை வாயாலை வரவேணும்."

கோர்ட்டுக்கு நானும் முதலாளியும் போனோம். பின்வரிசை வாங்கில் இருந்தோம். மேசையில் மூன்று நீதிபதிகள். மொழிபெயர்க்க ஒரு பாண்டிச்சேரிக்காரர். நடுவில் இருந்தவர் நரைத்தவர், மெல்லமாகத்தான் கேட்டார். கடைசி மாதத்தில் என்ன நடந்தது?

ரோமன் எழும்பினார். "சனம் ஆத்தங்கரைக்கு வந்தது" என்றார். முதலாளி என் தொடையில் கிள்ளினார்.

டானூப் வந்தது. கோத்தர் வந்தார்கள். நாய் வந்தது. பாண்டிச்சேரிக்காரர் பேனாவை வைத்தார்.

"சார், உங்க விஷயத்தைச் சொல்லுங்க சார்."

"இதுதான் என்ரை விசயம்."

"இதை நான் எப்படி சார் சொல்றது?"

"சொன்னதைச் சொல்லும்."

அவர் சொன்னார். மதாம் நெற்றியில் கை வைத்தார். அப்போது ஓரத்தில் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, கோத்தர் கொன்ற அந்த ராசா வலென்ஸ்தானே என்று கேட்டார்.

ரோமனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பாரிசில் அந்தப் பெயர் தெரிந்த ஒரு ஆளை அன்றுதான் கண்டார். ஓம் ஐயா, ஓம் ஐயா என்றார். இரண்டு பேரும் அந்தச் சண்டையைக் கதைத்தார்கள். வெயில், புழுதி, குதிரைப்படை எந்தப் பக்கத்தால் வந்தது, எல்லாம். பாண்டிச்சேரிக்காரருக்கு வேர்த்தது. பேப்பர் கிடைத்தது என்றே நான் நினைத்தேன்.

நடுவில் இருந்தவர் பொறுத்து இருந்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு?"

ரோமன் வாயைத் திறந்தார். கை தானாக எழும்பி இடது தோளைப் பிடித்தது. பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

தள்ளுபடி. சொந்த அனுபவத்தைத் தெளிவாகச் சொல்லவில்லையாம். மதாம் எங்களிடம் அப்படித்தான் விளங்கப்படுத்தினார்.

"சரித்திரத்திலை பாஸ், கேஸிலை பெயில்" என்றார் முதலாளி. சொல்லிவிட்டுக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்த கிழமை ரோமன் வேலைக்கு வரவில்லை. கார்ஜ் என்ற புறநகரில் அவர் இருந்த அறைக்குப் போனோம். வெறும் கட்டில். லண்டனுக்கு என்றார்கள். கலேத் துறைமுகத்தில் பிடிபட்டார் என்றார்கள். முதலாளி மட்டும், "இத்தாலிக்குத்தான் போயிருப்பான், விசரன்" என்றார். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. வெங்காயம் உரிக்க அடுத்த திங்கள் வேறு ஆள் வந்தான். ரோம் ஒரு நாளில் விழவில்லை, வேலைக்கு ஆள் மாறினது மட்டும்தான் என்று ரோமன் சொல்லுவார். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. வரி ஒழுங்காகக் கட்டினேன், அதுவும் ஒரு காரணம். பொபினி மண்டபத்தில் அதிகாரி, இன்றிலிருந்து நீங்கள் எல்லோரும் இந்த நாட்டுப் பிரசைகள் என்றார். கை தட்டினார்கள். தம்பியைக் கொன்ற அந்த ராசா ஞாபகத்துக்கு வந்தான். ஜூஸ் ஊற்றும் பெண் விரலை நீட்டி ஆட்களை எண்ணினாள். நாற்பத்தியொன்று என்று கிளாஸ் அடுக்கினாள்.

ஒன்று கூட வை என்றேன். ஏன் என்று பார்த்தாள். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். வைத்தாள்.

நான் திரும்ப எண்ணினேன்.

நாற்பத்தியிரண்டு.