பச்சையாக ஒரு துண்டு கருணை

வெள்ளரிக்காயைப் பச்சையாகக் கடித்துத் தின்பவனை ஊர் ஒன்றும் சொல்லாது. மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பவனைக் கண்டால் பக்கத்தில் வந்து கையும் நீட்டும். ஆனால் ஒருவன் புடலங்காயைப் பச்சையாகத் தின்கிறான் என்று தெரிந்தால் போதும், "வீட்டுல ஏதும் பிரச்சினையா தம்பி?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடும். எது வெந்து வர வேண்டும், எது வேகாமல் வரலாம் என்பதில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு இருக்கும் தீர்மானம் வேறு எதிலும் கிடையாது. கல்யாண வயதில் நான் அந்தத் தீர்மானத்தோடு மோதிப் பார்த்தேன். யார் ஜெயித்தது என்று என் தொண்டையைக் கேட்டால் சொல்லும்.

அப்போது தஞ்சாவூரில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தேன். வேலை இல்லாத நேரத்தில் யூடியூப் பார்ப்பேன். (அதாவது கடை திறந்ததிலிருந்து மூடும் வரை.) மனிதன் அடுப்பைக் கண்டுபிடித்த அன்றே அவன் வயிறு கெட்டுவிட்டது என்று அதில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மறுநாளே, இனி எனக்குக் காய் எதையும் அடுப்பில் ஏற்றக் கூடாது என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். கேரட், முள்ளங்கி, கோஸ், பீட்ரூட் எல்லாம் பச்சையாக உள்ளே போயின. பீட்ரூட் தின்ற நாளில் கடைக்கு வருபவர்கள் என் வாயைப் பார்த்து, "பல்லுல ரத்தம் கசியுதா சார்?" என்று அக்கறையாகக் கேட்பார்கள்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில், இவனை ஒருத்தி கையில் பிடித்துக் கொடுத்தால்தான் சரிப்படுவான் என்று முடிவுகட்டி, திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். ஆனாலும் அவள் நியாயஸ்தி. எதையும் மறைத்துக் கல்யாணம் பேசக் கூடாது என்று, போனிலேயே பெண்ணின் அம்மாவிடம், "தம்பி காயெல்லாம் பச்சையாத்தான் சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டாள். (சிக்னல் சரியில்லாமல், "பச்சையாத்தான் பேசுவான்" என்று அங்கே காதில் விழுந்து, அரைமணி நேரம் அந்த வீடு ஆடிப்போய் உட்கார்ந்திருந்ததாம்.)

பெண்ணின் பெயர் வளர்மதி. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருவிடைமருதூர் கோயில் பிரகாரத்தில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். பெரியவர்கள் நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

"காயெல்லாம் பச்சையாத்தான் சாப்பிடுவீங்களாமே?" என்றாள்.

"ஆமாங்க."

"புடிச்சு சாப்பிடுறீங்களா, நல்லதுன்னு சாப்பிடுறீங்களா?"

நான் ஆரம்பித்தேன். உயிர்ச்சத்து, நார்ச்சத்து, ஆதிமனிதன், அவன் பல்வரிசை என்று யூடியூப்காரர் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துப் பேசினேன். அவள் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு எங்காவது போய்விடுவது என்று கொடிமரத்தைத் தாண்டும்போதே முடிவுசெய்தேன்.

அவளோ வீட்டில், "ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க. சாப்பிடுறதப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். ஆக, என் வாழ்க்கை ஒரு வாழை இலையில் வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போனேன். வளர்மதியின் அப்பா நெல்லும் கிழங்கும் போடும் விவசாயி. நல்ல உயரம், வெள்ளை வேட்டி, எதற்கெடுத்தாலும் "அதனால என்ன" என்று சொல்லும் மனிதர். கூடத்தில் பந்திப்பாய் போட்டு இலை விரித்திருந்தார்கள். எனக்கு, அக்காவுக்கு, அவருக்கு. அவள் அம்மா பரிமாற ஆரம்பித்ததும்தான் அந்த வீட்டின் பெருந்தன்மை எனக்கு விளங்கியது.

விருந்து என்றால் இலை நிறைய வேண்டும் அல்லவா? எந்த விருந்துக்கும் அவர்கள் என்னென்ன காய் வைப்பார்களோ அத்தனையும் இலையில் இருந்தன. ஒன்றுகூட வேகவில்லை. பூசணிக்காய் கூட்டு இருக்க வேண்டிய இடத்தில் பூசணிக்காய் இருந்தது. கொத்தவரங்காய் பொரியலுக்குப் பதில் கொத்தவரங்காய். அவியல் என்று ஒரு குவியல் வைத்தார்கள். அதில் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தது. ஓரத்தில் ஊறவைத்த பச்சரிசி. பெயரிலேயே பச்சை இருக்கிறது என்பதால் வைத்திருக்கிறார்கள்.

என் இலையில் மட்டும் இல்லை, எல்லா இலையிலும் இதேதான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"உங்களுக்கு எதுக்குங்க இது? நீங்க சாதாரணமா சாப்பிடுங்க" என்றேன் அவள் அப்பாவிடம்.

"வூட்டுக்கு வந்தவரு ஒண்ணு சாப்பிட, நாங்க ஒண்ணு சாப்பிட்டா நல்லாவா இருக்கும் தம்பி? அதனால என்ன, நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு கொத்தவரங்காயை முழுசாக வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் நீர் கட்டியது. ஆனாலும் அடுத்த காயை எடுத்தார். உலகத்தில் எத்தனையோ விதமான வீரம் உண்டு. நான் நேரில் பார்த்தது அதைத்தான்.

பச்சைக் காய் தின்பதில் யூடியூப்காரர் சொல்லாமல் விட்ட ஒரு குறை இருக்கிறது. காது கேட்காது. கேரட்டைக் கடிக்கும்போது மண்டைக்குள் எழும் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. நான் அப்படி ஒரு கேரட்டோடு மும்முரமாக இருந்தபோது, அவள் அம்மா சமையலறை வாசலில் தயங்கி நின்று கேட்டார்.

"தம்பி, கருணைக்கிழங்கு இருக்கு. ஆனா அது அரிக்குமே?"

என் காதில் விழுந்தது, "அரியணுமே?" என்று. பாவம், தனியாக உட்கார்ந்து கிழங்கை அரிய வேண்டுமே என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். கருணைக்கிழங்கு மசியலைச் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டவன்தான். ஆனால் அந்தக் கிழங்கு வேகுமுன் எப்படி இருக்கும், யாரை என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

"அரிஞ்சாப் பரவால்லைங்க, குடுங்க" என்றேன் வாய் நிறைய கேரட்டோடு.

அவர் காதில் விழுந்தது, "அரிச்சாப் பரவால்லைங்க."

அவள் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய ஆளுதான்" என்றார் மெதுவாக. உள்ளே இருந்து வளர்மதி, "அம்மா, வேணாம்மா" என்று சொல்வது கேட்டது. "நீ சும்மா இரும்மா. அவரு பழக்கம் அவருக்கு" என்று அப்பா அடக்கிவிட்டார். வளர்மதியின் கால் கொலுசு அவசரமாகச் சமையலறைக்குள் போயிற்று. கோபித்துக்கொண்டு போகிறாள் என்று எனக்குப் பகீரென்றது.

கருணை வந்தது. தோல் சீவி, கழுவி, அழகாக அரிந்து வைத்திருந்தார்கள். பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக் கடித்தேன். கொஞ்சம் தேங்காய் மாதிரிகூட இருந்தது. "பிரமாதம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நாக்கின் நுனியில் யாரோ எறும்புப் புற்றைக் கவிழ்த்தார்கள். அது அண்ணத்துக்கு ஏறி, தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே குடியேறிக்கொண்டது. உதடு இரண்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. சொறியலாம் என்றால் தொண்டைக்குள் எப்படிக் கையை விடுவது? கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

அதைப் பார்த்த அவள் அப்பா என்ன நினைத்தாரோ, மனம் உருகிவிட்டார். நல்ல நேரம் இதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். "சொல்லுங்க தம்பி. எங்க பொண்ண உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்றார்.

என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான பதில் என்னிடம் வேறு எந்தக் கேள்விக்கும் இருந்ததில்லை. "பிடிச்சிருக்கு" என்று சொல்லத்தான் முயன்றேன். வீங்கிய நாக்கில் வெளியே வந்தது, "ப்ச்சக்கு."

"என்னங்குறாரு?" என்றார் அவர்.

"பச்சைக் கெழங்குங்குறாரு. இன்னும் வேணுமாம்" என்று சொல்லி, அவள் அம்மா உள்ளே ஓடி இன்னொரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். எனக்கு மூன்று துண்டு, கணவருக்கு ஒரு துண்டு.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவள் அப்பா அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். பிறந்ததிலிருந்து கருணை பயிரிடும் மனிதர். அது என்ன செய்யும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தெரிந்தேதான் எடுத்தார். வந்தவன் தனியாகத் தின்னக் கூடாது என்பதற்காக வாயருகே கொண்டுபோய்விட்டார்.

நான் எழுந்து பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் என் இலை மடங்கி, பூசணிக்காயெல்லாம் அக்காவின் மடியில் விழுந்தது. அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினேன். பிடுங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (ஒரு வாரத்துக்கு நெஞ்சும் அரித்தது.)

"வூட்டுக்கு வேணும்னா தனியாக் கட்டித் தரேனே தம்பி" என்றார் அவள் அம்மா, கலங்கிப்போய்.

அந்த நேரத்தில் வளர்மதி வந்து என் முன்னால் ஒரு பெரிய டம்ளரை வைத்தாள். புளிக்கரைசல், நசுக்கிய சின்ன வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் வெல்லம். மிளகாயை மட்டும் விட்டிருந்தாள். பச்சைப்புளி ரசம். கருணை அரிப்புக்குப் புளிதான் மருந்து. நான் "பரவால்லைங்க" என்று வாய் மூடுவதற்குள்ளேயே அவள் போய்ப் புளியை ஊறப் போட்டிருக்கிறாள்.

"குடிங்க. இதுவும் பச்சைதான். அடுப்புல ஏத்தல" என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்படி ஒரு நிலையிலும் என் விரதம் உடையாமல் பார்த்துக்கொண்டாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவள்மேல் வியப்பு அடங்குவதில்லை. இன்னொருத்தியாக இருந்தால் சிரித்தே என்னைத் தஞ்சாவூருக்குத் துரத்தியிருப்பாள். மூன்று டம்ளர் குடித்தேன். எறும்புகள் மெல்ல மெல்லக் கலைந்து போயின. நாக்கு திரும்பி வந்ததும் நான் பேசிய முதல் பேச்சு, பிரகாரத்தில் பாக்கி வைத்த பதில்தான்.

"பீட்ரூட் புடிக்கலங்க. கோஸும் புடிக்கல. வெண்டைப்பிஞ்சு மட்டும் பச்சையா நெசமாவே புடிக்கும்."

"எனக்கும் வெண்டைப்பிஞ்சு பச்சையாத்தான் புடிக்கும்" என்றாள். பிறகு, "மசியல் சாப்பிடுறீங்களா? வெந்தது" என்றாள்.

தலையாட்டினேன். அவள் அப்பா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப... நாங்களும் சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை நான் மறக்கவே மாட்டேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. "கொண்டாங்க!" என்று அவள் அம்மா கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டு மதில்மேல் ஒவ்வொரு பாத்திரமாகத் தலைகாட்டியது. சாம்பார், கூட்டு, பொரியல், வடை, மசியல். அத்தனையையும் காலையிலேயே சமைத்து முடித்திருக்கிறார்கள். வாசனை வந்தால் என் மனம் சங்கடப்படும் என்று எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்த மசியலைப் பிசைந்து நான் சாப்பிட்ட சோற்றின் அளவைக் கண்ட அக்கா, வழிநெடுக என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம்.

இப்போது எங்கள் வீட்டில் கட்சிப் பிரச்சினை இல்லை. வெண்டைக்காய் அரிய உட்கார்ந்தால் பிஞ்செல்லாம் எங்கள் இரண்டு பேர் வாய்க்குப் போய்விடும், முற்றியது மட்டும் அடுப்புக்குப் போகும். எங்கள் மகளுக்கு இரண்டுமே பிடிக்காது. அவளுக்கு அப்பளம் போதும்.

எந்த இடத்தில் சம்மதம் என்று தோன்றியது என்று வளர்மதியை ஒருமுறை கேட்டேன். மூன்று டம்ளர் குடித்த அழகைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கப்பா வாய்க்குக் கொண்டுபோனப்ப உங்க கை குறுக்க போச்சு பாருங்க, அப்ப" என்றாள். சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

மாமனார் வீட்டில் கருணை அரியும் நாளெல்லாம் எனக்கு ஒரு வேலை உண்டு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அவர் தட்டிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "அப்பா! தாத்தா கருணைய எடுத்துட்டாரு!" என்று மகள் கத்துவாள். "மாப்புள, கருணை காட்டுங்க" என்பார் மாமியார். வீடே சிரிக்கும். இத்தனை வருஷமாகியும் நான் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடுங்கத்தான் செய்கிறேன். விளையாட்டுத்தானே என்று சும்மா நிற்க எனக்குத் தைரியம் வருவதில்லை. நான் போகாவிட்டால் அந்த மனிதர் நிஜமாகவே கடித்துவிடுவார்.