இன்ஸ்பெக்டரின் ஒற்றைக் கண்ணும் கேப்டனின் சலங்கையும்

சிங்கப்பூரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸை விட்டு இறங்காதவர், எனக்குத் தெரிந்து, ஈசூனில் எங்கள் பிளாக்கில் இருந்த கேப்டன் ஒருவர்தான். இந்த ஊரில் பஸ் ஓட்டுநருக்கு உத்தியோகப் பெயரே கேப்டன். மற்றவர்கள் யூனிஃபார்மைக் கழற்றும்போது அந்தப் பெயரையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்கள். இவர் கழற்றவில்லை. அவருடைய ஞானஸ்நானப் பெயர் அவர் மனைவி சிசிலி அக்காவுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

எட்டாவது மாடியில் நான் அவருக்கு அடுத்த வீடு. அவரோடு லிஃப்டில் ஏறினால் தொலைந்தோம். "உள்ள தள்ளி நில்லுங்க, பின்னால நெறய எடம் இருக்கு லா" என்பார், இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து. உள்ளே இருப்பது அவர், நான், என் அரிசி மூட்டை, அவ்வளவுதான். வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து "கிளியர்" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் பொத்தானை அழுத்தலாம். நான் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் மதிப்பு கொஞ்சம் குறைவு. "பாதி வழி பூமிக்குள்ள போறவங்களுக்கு ஊரைப் பத்தி என்ன தம்பி தெரியும்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்.

அவர் நாய்க்குப் பெயர் இன்ஸ்பெக்டர். வெள்ளைப் பொமரேனியன், அப்போது பன்னிரண்டு வயது. லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவர் காலையும் முகர்ந்து பார்த்து, டிக்கெட் சரியாக இருக்கிறது என்பதுபோல அடுத்த காலுக்கு நகரும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் பிளாக்குக்குக் கீழே இருக்கிற பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள். ஏறுவதற்கு அல்ல. இந்த ஊர் பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது. "சட்டம்னா சட்டம்தான்" என்பார் கேப்டன். அவர் முப்பத்தொரு வருடம் ஓட்டிய அதே தடத்துப் பஸ் அங்கே நிற்கும். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இன்ஸ்பெக்டர் ஒரு தடவை குரைக்கும்.

"கரெக்ட் டைம்னா ஒரு தடவை. லேட்டா வந்தா ரெண்டு தடவை" என்று கேப்டன் எனக்கு விளக்கினார். இரண்டு தடவை குரைத்து நான் கேட்டதே இல்லை. பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இன்ஸ்பெக்டரின் இடது கண்ணில் அழுத்தம் ஏறியது. கண் சிவந்து வீங்கி, பார்வை போய், வலி மட்டும் மிஞ்சியது. கண்ணையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று மருத்துவர் அம்மா சொன்னபோது நானும் கூட இருந்தேன். கேப்டன் வெளிறிப்போனார்.

"டாக்டர், ஒரு சைடு மிரர் இல்லாம எப்படி ஓட்டுவான்?"

அந்த அம்மா சீனப் பெண்மணி. இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது. இன்னொரு மிரர் நன்றாகத்தான் இருக்கிறது, வலி போனால் அவனே ஓட்டிக்கொள்வான் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். கேப்டன் கையெழுத்துப் போட்டார். வீடு திரும்பும்போது டாக்ஸிக்காரருக்கு ஒவ்வொரு வளைவிலும் வகுப்பு எடுக்கிற மனிதர், அன்றைக்கு அந்த ஆள் சிக்னல் போடாமலே திரும்பியும் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, கண் இருந்த இடத்தில் தையல், இரண்டு வாரம் சொறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேப்டனுக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் கதவில் மருந்து அட்டவணை ஒட்டினார். காலை ஏழு, இரவு ஏழு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததை 7.02 என்று மாற்றியிருந்தார். இரண்டு நிமிடம் எதற்கு என்றேன்.

"டிராஃபிக்" என்றார்.

டிராஃபிக் உண்மைதான். மாத்திரையை ஆட்டு ஈரலில் பொதிந்து கொடுத்தால் இன்ஸ்பெக்டர் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகக் கழுவி வைத்ததுபோல் தரையில் வைத்துவிடும். அதன் பின்னால் கேப்டன் சோபாவைச் சுற்றி இரண்டு நடை போய் வர வேண்டும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பஞ்சு கட்டினார். மேசை முனைகளுக்கு மஞ்சள் டேப் ஒட்டினார். சாப்பிட உட்காருகிற எனக்கே அந்த வீட்டில் ஏதோ சாலைப் பணி நடக்கிறதோ என்று தோன்றும்.

பார்வை இல்லாத பக்கத்திலிருந்து திடீரென்று தொடாதீர்கள், சத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேப்டனுக்குத் தெரிந்த சத்தம் ஹாரன்தான். அதைச் சிசிலி அக்கா வீட்டுக்குள் விடவில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஈரல் வாங்கப் போனபோது, என்னையும் இழுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டியச் சாமான் கடைக்குள் நுழைந்தார்.

"சலங்கை வேணும்."

"யாருக்கு அங்கிள்? பேத்திக்கா?" என்றாள் கடைப்பெண்.

"எனக்கு."

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். "அரங்கேற்றமா அங்கிள்?"

"இல்ல லா. நாய்க்கு கண் ஆபரேஷன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நான் நெற்றிச்சுட்டியின் விலையை விசாரித்தேன்.

அன்றிலிருந்து அறுபத்தெட்டு வயதுக் கேப்டன் இடது காலில் ஜல் ஜல் என்று நடமாடினார். அதுகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கழற்ற மறந்து கோயிலுக்குப் போய்விட்டார். எங்கள் தமிழ்ப் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடிப்பார்கள். மணி கேட்டால் முழந்தாள் தானாக மடங்கிவிடும். சாமியார் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது கேப்டன் பின் வரிசையிலிருந்து கழிவறைக்கு எழுந்து போனார். ஜல்! அரைத்தூக்கத்தில் இருந்த கடைசி இரண்டு வரிசையும் சடாரென்று முழந்தாளிட்டது. திரும்பிப் பார்த்துப் பயந்துபோய் அதற்கு முன் வரிசையும் முழந்தாளிட்டது. தம்முடைய பிரசங்கத்துக்கு இவ்வளவு சக்தியா என்று சாமியார் ஒரு கணம் நெகிழ்ந்து நின்றார். சிசிலி அக்கா ஒரு வாரம் கேப்டனோடு பேசவில்லை.

பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் ஆறியிருந்தது. வலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது, இனி பழையபடி நடக்கவிடுங்கள் என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் நடக்கவில்லை. வீட்டுக்குள் நன்றாகத்தான் உலாவியது. கயிற்றைப் போட்டு வாசலைத் தாண்டினால் நாலு அடி வைக்கும், நடுங்கும், அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பத்து நாள். ஆறு மணிக்குக் கிளம்புவார்கள், லிஃப்ட் வரைகூடப் போகாமல் கேப்டன் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவார். லிஃப்டில் அவர் "உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்வது நின்றுபோனது. நானாக ஒரு நாள் தள்ளி நின்று பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

"நான்தான கையெழுத்து போட்டேன்" என்றார் ஒரு நாள், என்னைப் பார்க்காமல். "வயசான காலத்துல அவனை பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டேன் தம்பி. இனி எறங்க மாட்டான்."

ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். "சரியாப் போயிடும்" என்று எதையோ சொல்லி வைத்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலமும் அதே கதைதான். தாழ்வாரத்தில் நாலாவது அடியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிசிலி அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

"ஏங்க, அவனை எதுக்கு எப்பவும் உங்களுக்கு இடது பக்கமே நடத்துறீங்க?"

"பாசஞ்சர் இடது பக்கம்தான். கதவு அங்கதான இருக்கு?"

"கதவு இருக்கட்டும். அவனுக்குப் போனது இடது கண்ணு. மிச்சம் இருக்கிறது வலது கண்ணு ஒண்ணுதான். அதால உங்க கால்சட்டைய மட்டும்தான் பாத்துக்கிட்டு வரணுமா? ஊரெல்லாம் இருட்டுப் பக்கத்துல இருந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது?"

கேப்டன் நாயைப் பார்த்தார். தம்முடைய காக்கிக் கால்சட்டையைப் பார்த்தார். கண்ணாடியில் தெரியாத குருட்டுப் புள்ளி என்பதைப் பற்றிப் புதிய ஓட்டுநர்களுக்கு வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவர் அவர். "இடது பக்கம்தான் சிசிலி ரூல்..." என்று ஆரம்பித்தார். குரல் எடுபடவில்லை.

மெல்லக் குனிந்து தரையில் உட்கார்ந்தார். இடது காலிலிருந்து சலங்கையை அவிழ்த்து வலது காலில் கட்டினார். கயிற்றை வலது கைக்கு மாற்றி, நாயின் இடப்பக்கம் போய் நின்றார். அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பயணியை வலது பக்கம் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். நெற்றியில் வியர்வை.

"ஒன்வேல எதிர்த்தாப்புல போற மாதிரி இருக்கு லா" என்று முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தது. வலது கண்ணுக்கு முன்னால் இப்போது கால்சட்டை இல்லை. பூந்தொட்டிகள் இருந்தன, யார் வீட்டுச் செருப்போ இருந்தது, நான் இருந்தேன். ஐந்தாவது அடி வைத்தது. ஆறாவது. என்னிடம் வந்து காலை முகர்ந்து பார்த்து, டிக்கெட் சரி என்று விட்டுவிட்டு லிஃப்டுக்கு நடந்தது. சிசிலி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லாத குப்பையைப் பெருக்க ஆரம்பித்தார்.

நானும் கூடவே இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஓட்டுநர் கேப்டனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் தலையை முழுசாகத் திருப்பி, இருக்கிற ஒரு கண்ணால் பஸ்ஸை முன்னும் பின்னும் அளந்தது. பிறகு குரைத்தது. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவையும் குரைத்தது.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் லேட்டு" என்றார். "சொன்னேன்ல தம்பி?"

திரும்பும்போது லிஃப்டில் நாங்கள் மூன்று பேர்தான். "உள்ள தள்ளி நில்லுங்க" என்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து அவர் "கிளியர்" என்று சொல்லும்வரை பொத்தானைத் தொடவில்லை.

இப்போது நான் புங்கோலுக்கு வீடு மாறிவிட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் பதினான்கு நடக்கிறது, ஆறு மணி தவறுவதில்லை என்று சிசிலி அக்கா போனில் சொல்கிறார். பின்னால் ஜல் ஜல் கேட்கிறது. முப்பத்தொரு வருடம் அந்த மனிதர் இந்த ஊரில் பஸ் ஓட்டியிருக்கிறார். அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் ஒரு நாளாவது ஏறியிருக்கலாம்.