அத்தானின் சிவப்புக் கோடு

மனிதரில் ஓர் இனம் உண்டு. தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொள்வார். அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். ஒட்டிய பசை காய்வதற்குள் மீறிவிடுவார். மீறினேன் என்று மட்டும் வாய் தவறியும் சொல்ல மாட்டார். "கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன்" என்பார். இவர்களுக்கு 'எல்லை நகர்த்திகள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் இருப்பவர் என் அக்காவின் கணவர், அத்தான்.

அத்தானுக்குத் தொழில் நாணய வியாபாரம். அதாவது காலையில் கைப்பணத்தைப்போலப் பல மடங்கு கடன் எடுத்து யூரோவை வாங்கி, விலை ஏறினால் விற்று, சாயங்காலத்துக்குள் கடையைக் கட்டிவிட்டு எழுந்துவிடுவது. ஆபீஸ், அக்காவின் தையல் அறையில் பாதி. அந்தப் பக்கம் தையல் மிஷின், வெட்டிப்போட்ட துணிக் குவியல், கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா. இந்தப் பக்கம் இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு சுழல் நாற்காலி, அதில் அத்தான். நடுச்சுவரில் அவருடைய சட்டம்: 'எந்த வியாபாரத்திலும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இழக்க மாட்டேன்.' அடியில் கையெழுத்து, தேதி. சாட்சிக் கையெழுத்து அக்கா.

இந்தச் சட்டத்தைக் காப்பாற்றத்தான் திரையில் ஒரு சிவப்புக் கோடு. ஸ்டாப் லாஸ் என்பார்கள். விலை இந்த இடம்வரை இறங்கினால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. அதைப் பற்றி அத்தான் பேசிக் கேட்க வேண்டுமே! யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பக்கத்தில் அகப்பட்ட அப்பாவியை முதல் வாய் சோற்றை விழுங்கவிடாமல், லாபம் பார்ப்பதைவிட நஷ்டத்தை அளந்து வைப்பதுதான் வித்தை என்று தொடங்கி, ஊரில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு கோட்டைப் போடாமல்தான் தெருவுக்கு வந்தார்கள் என்று விளக்கி, "கோடு இல்லாம வியாபாரம் பண்றவன் பிரேக் இல்லாத வண்டி ஓட்டுறவன் சார்" என்று முடிப்பார். உண்மைதான். அத்தானின் வண்டிக்குப் பிரேக் உண்டு. மிதிக்க வேண்டிய நேரம் வந்தால் கழற்றி டிக்கியில் வைத்துவிடுவார்.

போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு சீருடைக்கு ஆர்டர் வந்தது. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க ஓவர்லாக் மிஷின் வேண்டும். கடைக்காரர் நல்லதாக ஒன்றை எடுத்துவைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பணத்தோடு வாருங்கள் என்றார். இரண்டு வருஷமாக அக்கா ரவிக்கை ரவிக்கையாகச் சேர்த்த பணம் தயாராக இருந்தது. அதுதான் அத்தான் கண்ணில் பட்டது.

"நாலு நாள் சும்மா தூங்குற பணம்தானே, நாலு நாள் வேலை செய்யட்டுமே!"

"கோடு போடுவீங்கல்ல?" என்றாள் அக்கா.

"போடாமலா?"

"விலை அதைத் தாண்டிப் போயிடாதுல்ல?"

"தாண்டவே தாண்டாது."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. விலை கோட்டைத் தாண்டவே இல்லை. அது கிட்டே வரும்போதெல்லாம் கோடுதான் ஓடிப்போயிற்று.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாங்கினார். என் பேன்ட் ஒன்றின் இடுப்பைக் கொஞ்சம் லூசாக்கக் கொடுக்கப் போயிருந்த நான் பக்கத்திலேயே இருந்தேன். பதினோரு மணிக்கு விலை வழுக்கிக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அத்தான் மவுஸைப் பிடித்து, தூங்கும் குழந்தையைத் தள்ளிப் படுக்கவைப்பதுபோல், கோட்டைக் கீழே இறக்கினார்.

"விலைக்கும் மூச்சு விட இடம் குடுக்கணும் மாப்ளே."

மத்தியானம் இன்னொரு தடவை. "பெரிய பேங்குக்காரங்க நம்மளை பயமுறுத்தி வெளியேத்தப் பாக்குறாங்க. விடுவேனா?" கடல் கடந்த தலைநகரங்களில் கோட்டும் சூட்டும் போட்டவர்கள் கூடிப்பேசி, எங்கள் அக்காவின் தையல் அறையைத்தான் குறிவைக்கிறார்களாம்! சாயங்காலம் வந்தது. கடையைக் கட்டவேண்டிய நேரம். "இது நாள் வியாபாரம் இல்ல மாப்ளே, நீண்டகால முதலீடு" என்றார். காலையில் பிறந்தது, ஆறு மணிக்குள் அதற்கு நீண்ட ஆயுள் எழுதிவிட்டார்.

லாபம் வந்தால் இந்தப் பொறுமை எல்லாம் எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? இரண்டு காசு ஏறினால் போதும், திருடன் வருகிறான் என்பதுபோல் அலறியடித்து விற்றுவிடுவார். நஷ்டத்தைத்தான் மடியில் வைத்துத் தாலாட்டுவார். செவ்வாய்க்கிழமை, நேற்றையதைவிட மலிவாகக் கிடைக்கிறதென்று மிச்சப் பணத்துக்கும் அதையே வாங்கினார். புதன்கிழமை குளியலறைக்கும் போனோடு போனார்.

வியாழக்கிழமை நான் பேன்ட்டை வாங்கப் போனபோது அக்கா ஒரு காலரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் போன் செய்திருந்தார்.

"நாளைக்குப் பணம் வேணுங்க" என்றாள் அத்தானிடம்.

"சனிக்கிழமை குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறாரு?" என்றார் அத்தான். பாருங்கள், வெள்ளிக்கிழமையையும் நகர்த்திவிட்டார்.

அக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "கோடு எங்க?"

"இருக்கு, கீழ இருக்கு." உருட்டினார். இல்லை. இன்னும் உருட்டினார். உருட்டிய உருட்டில் யூரோவின் விலை திரைக்கு மேலே போய் மறைந்தே போயிற்று. எங்கேயோ அதலபாதாளத்தில் சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது.

அக்கா கையிலிருந்த காலரைத் தூக்கிக் காட்டினாள். "இதைத் திருப்பி வச்சுத் தச்சுட்டேன். நாலு தையல்லயே தெரிஞ்சுது, பிரிச்சுட்டேன். முழுசா தச்சா தானா நேராயிடும்னு உக்காந்திருந்தா என்னாகும்? இப்ப வித்தா எவ்வளவு மிஞ்சும்?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல." அத்தானின் குரல் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது. "இப்ப வித்தா நஷ்டம் நிஜமாயிடுமே!"

"இல்லைன்னா அது பொய்யா?"

எந்தப் பொத்தான் என்று கேட்டாள். அத்தான் காட்டினார், காட்டிய விரல் அமுக்க மறுத்தது. நூல் ஒட்டிய விரலால் அக்காவே அமுக்கினாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் போய் மிஷினில் உட்கார்ந்தாள். எனக்கு அத்தான்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அரை மணி கழித்து விலை ஒரு மயிரிழை ஏறியது. "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தார் அத்தான். ராத்திரிக்குள் அது பாதாளத்திலிருந்த கோட்டையும் தாண்டிக் கீழே போயிற்று. அக்கா அமுக்காமல் விட்டிருந்தால் எல்லாமே போயிருக்கும். ஆனால் கல்யாண வீடுகளில் அவர் சொல்லும் கதை அந்த அரை மணியோடு முடிந்துவிடும். "அன்னிக்கு மட்டும் இவ அமுக்காம இருந்திருந்தா..." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

மிஞ்சிய பணத்துக்குக் கடையின் பின்கட்டில் கிடந்த பழைய மிஷின்தான் கிடைத்தது. பத்துத் துணிக்கு ஒரு தடவை நூலை அறுத்துக்கொண்டு நிற்கும். இருநூறு சீருடையில் அக்காவால் தைக்க முடிந்தது நூற்றிருபது. பாக்கி எண்பது தெருமுனைத் தையல்காரருக்குப் போயிற்று.

அத்தான் இப்போது பழகுவதற்கென்று இருக்கும் பொய்ப் பணத்தில் மட்டும்தான் வியாபாரம் செய்கிறார். அக்காவின் உத்தரவு. பொய்ப் பணம், பொய் நஷ்டம், ஒரு பைசா போகாது. அப்படியிருந்தும் விலை கிட்டே வந்தால் மவுஸ் மெதுவாக உரசும் சத்தம் கேட்கிறது. அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்: "நகர்த்துறீங்களா?"

"இல்லையே, தூசி தட்டுறேன்."

இதைப் பார்த்து நான் போன வாரம்கூட விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நான் மறுபடியும் கொண்டுபோயிருந்த அதே பேன்ட்டின் இடுப்பை உள்பக்கம் திருப்பி என் முன்னால் பிடித்தாள்.

"தம்பி, முப்பத்தாறைத் தாண்ட மாட்டேன்னு சொன்ன. அப்புறம் முப்பத்தேழுன்ன. முப்பத்தெட்டுன்ன. உள்ள மடிச்சு வச்ச துணி தீர்ந்துபோச்சு. இனிமே விடறதுக்கு ஒண்ணுமில்ல."

அத்தான் நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படி ஒரு சொந்தம்!

நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். இன்னும் எத்தனை அங்குலம் பாக்கி இருக்கிறது?