தாண்டவராயன் மோர் வாங்கி மீண்ட படலம்

உதைத்தான்.

மறுபடியும் உதைத்தான்.

வாழ்க அந்த வலக்கால்! ஏரிப்பாசனச் சேற்றில் ஊறி உரமேறிய கால். வரப்பு நண்டுக்கும் வழிவிட்டு நகராத கால். கிக்கர் திருப்பி அடித்த அடியில் முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாக மயில்தோகை விரித்த கால்! அந்தக் காலுக்கு உடையவனும், உத்திரமேரூர் ஏரிக்கீழ் நெல்வயலுக்கு அதிபதியும், கோமளவல்லியின் கொழுநனும், பழைய வண்டியை நம்பிப் பஸ்ஸைப் பழித்தோர் குலத்துக்கு ஒரே கொடிமரமுமாகிய தாண்டவராயன் வாழ்க! அவன் கட்டியிருந்த கைலியும் வாழ்க. அதில் கிரீஸ் படாத இடம் என்று ஒன்று மிச்சம் இருக்குமானால் அந்த இடமும் வாழ்க!

மூன்றாம் முறை உதைத்தான்.

வண்டி இருமியது. பிறகு மௌனம் சாதித்தது.

வாசலில் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று காத்திருந்தது. அதன்மேல் ஏற்றுப்பலகை சாய்த்துத் தயாராக வைக்கப்பட்டிருந்தது. பழைய இரும்பு வாங்கும் நெல்வாய் ஊர்ச் சேட்டு, மரணத்தின் தூதனைப்போல் இடுப்பில் கைவைத்து நின்று, மோட்டார் சைக்கிளை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் கண்ணாலேயே கழற்றிக்கொண்டிருந்தான்.

"எஞ்சினு என் கெணத்துக்குத் தண்ணி எறைக்க. சக்கரம் ரெண்டும் தள்ளுவண்டிக்கு. டேங்கு கீது பாரு, அத்தக் கய்வி வெச்சா என் பொண்டாட்டி கேவுரு கொட்டி வெப்பா" என்றான் சேட்டு.

உயிரோடு இருக்கும்போதே பங்கு பிரிக்கிறானே பாவி! தாண்டவராயனுக்கு ரத்தம் கொதித்தது.

இந்தக் கொடுமை எப்படி வந்தது? மாகறலிலிருந்து வந்தது. போன வாரம் காஞ்சிபுரத்துக் கல்யாணம் முடிந்து, அரக்குப் பட்டுப்புடவையில் கோமளவல்லி பின்னால் வீற்றிருக்க, வெற்றிவேந்தனாய்த் திரும்பிக்கொண்டிருந்தான் அவன். மாகறல் தாண்டியதும் வண்டி மூச்சை விட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோமளவல்லி தள்ளினாள். தள்ளியதுகூடப் பெரிதில்லை. அந்த நேரம் பார்த்துப் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்துபோன பஸ்ஸின் ஜன்னலில் அவளுடைய அக்கா பாஞ்சாலி இருந்தாள். பாஞ்சாலி கையாட்டினாள். சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

அந்தக் கையாட்டலுக்குப் பதில்தான் இன்று வாசலில் நிற்கும் மாட்டு வண்டி.

கதவுநிலையில் கோமளவல்லி தோன்றினாள். கையில் கரண்டி. அரியணை ஏறாத அரசி அவள். ஆனால் அந்த வீட்டில் ஆணை என்றால் அவளுடையதுதான். ஆணை பிறந்தது.

"இந்தா பாருய்யா. திருப்புலிவனத்துக்குப் போ. எங்க அக்கா கையால ஒரு தூக்கு மோர் வாங்கினு வா. வழியில ஒரு அடி தள்ளக் கூடாது. சேட்டு அண்ணன் நாஷ்டா துன்னுட்டு கை கய்வறதுக்குள்ள வண்டி வாசல்ல வந்து நிக்கணும். வந்துட்டா வண்டி உனுக்கு. வரலன்னா சேட்டு அண்ணனுக்கு."

"தள்ளுனனா இல்லியான்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"உன் மூஞ்சி சொல்லும்."

சேட்டு இலையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் இட்டிலி விழுந்தது. தாண்டவராயன் நான்காம் முறை உதைத்தான். அந்த உதையில் குலதெய்வம், கோபம், மானம் மூன்றும் சேர்ந்து இறங்கின.

டப்... டப்... டபடபடபடப!

எழுந்தது புரவி! நீலப்புகை கக்கி, கொல்லைக் கோழிகளைக் கூரைமேல் ஏற்றி, தெரு நாய்களின் தூக்கத்தைத் தகர்த்து, உலகளந்தவனே ஒரு கால் ஒதுங்கி நிற்கும்படி உறுமிக்கொண்டு கிளம்பியது. அது ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கிய வண்டி. தாண்டவராயனிடம் வந்து ஆண்டுகள் ஆகியும் ஊரில் அதற்கு 'மாட்டு டாக்டர் வண்டி' என்றே பேர். அந்தப் பேரை மாற்ற அவன் செய்த முயற்சிகளைத் தனியாகத்தான் பாட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டைக் கடந்தான். கடைசி டீக்கடையைக் கடந்தான். காஞ்சிபுரம் சாலையில் புளியமரங்கள் இருபுறமும் படைவரிசைபோல் நின்று வரவேற்றன. வென்றோம் என்று நினைத்தான்.

நினைத்த அந்தக் கணத்தில் வண்டி விக்கியது. குலுங்கியது. நின்றது.

சும்மாவா விடுவான்? பின்பக்கப் பெட்டியைத் திறந்து ஆயுதங்களை எடுத்தான். ஸ்பேனர் என்னும் வாள். உப்புத்தாள் என்னும் கேடயம். பிளக்கைக் கழற்றினான், கையைச் சுட்டது, பொறுத்தான், கரியைத் தேய்த்து வெள்ளி நிறம் வரும்வரை விடவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகித் திறந்தான். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்டது. களைத்த குதிரையின் பெருமூச்சு என்று எண்ணி அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினான். உதைத்தான்.

ஒரே உதை! கிளம்பிவிட்டது.

"பிளக்குதான்! நம்மகிட்டயா?" என்று புளியமரங்களுக்கு அறிவித்தான்.

காற்றைக் கிழித்தான். எதிரே ஒரு மாட்டு மந்தை. இங்கேதான் வீரவரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க அந்தச் சம்பவம் நடந்தது. வண்டிச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, சாலையில் அசையாமல் அசைபோட்டு நின்ற கறவையும் கன்றும் காளையும் கண்கள் பிதுங்க, வால் வானம் பார்க்க, நாலாபுறமும் சிதறி ஓடின. முன்னோர் காலத்தில் ஆநிரை கவரப் பெரும்படை வேண்டியிருந்தது. தாண்டவராயனுக்கோ ஒரு சைலன்சர் போதுமாயிருந்தது. தன் வீரத்தைக் கண்டு அஞ்சின என்றே அவன் கொண்டான். டாக்டரின் ஊசியை நினைத்து அஞ்சின என்பது மாடுகளுக்குத் தெரியும்.

"யோவ் மாட்டு டாக்டரே!" என்று மேய்ப்பவன் வயலுக்குள் ஓடிக்கொண்டே கத்தினான். "நீ வந்தாலே பேஜாருய்யா! இன்னிக்கி எல்லாம் பால நிறுத்திடும்!"

பதில் சொல்ல வாயெடுத்தபோது வண்டி விக்கியது. குலுங்கியது. நின்றது.

உத்திரமேரூரில் இந்நேரம் சேட்டு எத்தனையாவது இட்டிலியில் இருப்பான்? பிளக் சுத்தம், ஆகவே சதிகாரன் கார்பரேட்டர்தான். அதைப் பிரித்தான். சிறுகுழலை உதட்டில் வைத்து ஊதினான். பெட்ரோல் வாயெல்லாம் வழிந்தது. துப்பினான், மறுபடி ஊதினான், சங்கூதும் மன்னவனைப்போல் கன்னம் இரண்டும் உப்ப ஊதினான். பூட்டினான். சந்தேகத்துக்கு மறுபடியும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். 'உஸ்.' இருந்தது. மூடினான். உதைத்தான்.

ஒரே உதை.

"கார்பரேட்டர்தான்!" இந்த முறை அறிவிப்பைக் கேட்க மேய்ப்பவன்கூட அங்கே இல்லை.

திருப்புலிவனத்தில் பாஞ்சாலி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமல், ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே தூக்குவாளியை நீட்டினான். நிறுத்தினால் மறுபடி எழுமா என்ற ஐயம் அந்த மாவீரனுக்கும் இருந்தது.

பாஞ்சாலி வெளியே வந்தாள். தங்கையைவிடக் குள்ளம், குரலில் இரண்டு மடங்கு.

"இன்னா தம்பி, தள்ளினு வந்தியா, ஓட்டினு வந்தியா?"

"ஓட்டினுதான்க்கா வந்தேன். மோர் ஊத்துக்கா. சீக்கிரம்!"

"கோமளா எங்க? வண்டிக்குப் பின்னால தள்ளினு வருதா?"

வேல் பாய்ந்த இடத்திலேயே மறுபடியும் வேல் பாய்ந்தது. அவன் பல்லைக் கடித்தான். அவள் வேண்டுமென்றே மெதுவாகக் கடைந்த மோரை, வேண்டுமென்றே மெல்லிய தாரையாக ஊற்றினாள்.

"இருந்து சாப்ட்டுப் போ தம்பி. பஸ்ஸு கீதில்ல, அதுல போய்க்கலாம். நானே இப்ப பஸ்ஸுக்குத்தான் கெளம்பறேன், கோமளாவப் பாக்க."

இப்போது விளங்கியது விபரீதம். வண்டி தோற்றால் பாஞ்சாலி அதை நேரில் பார்ப்பாள். பார்த்தால் தொண்டை மண்டலம் முழுவதும் பரவும். கோமளவல்லி இனி எந்தக் கல்யாணப் பந்தியிலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டினான். பறந்தான்.

பாதிவழி வந்திருப்பான்.

விக்கியது. குலுங்கியது. நின்றது.

ஆ! பிளக் சுத்தம்! கார்பரேட்டர் சுத்தம்! இனிப் பழிபோட அந்த வண்டியில் எது மிச்சம்? டேங்க் மூடியைத் திறந்தான். 'உஸ்.' எட்டிப் பார்த்தான். அப்போது பின்னால் கேட்டது அந்த ஓசை: காஞ்சிபுரம் பஸ்ஸின் ஹாரன். ஊழிக்காலத்து இடிபோல் வந்தது. கடந்தது. ஜன்னலில் ஒரு முகம். ஒரு கை.

பாஞ்சாலி கையாட்டினாள்.

அதற்குமேல் அவனுக்கு நிதானம் இல்லை. கையிலிருந்த மூடியை மூடுவதா, வேறெங்காவது வைப்பதா என்று பார்க்காமல் கைலி மடியில் செருகினான். உதைத்தான். ஏறினான். முறுக்கினான்.

அடடா, அந்தப் பாய்ச்சல்! குழியில் இறங்கி மேட்டில் எழுந்து, மோர் அலையடித்து முழங்காலில் தெறிக்க, திறந்த டேங்கிலிருந்து பெட்ரோல் துள்ளிக் கைலியை நனைக்க, புளியமரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுபோல் பின்னால் சரிய, விக்காமல், குலுங்காமல், நிற்காமல், வாங்கிய நாளிலும் ஓடாத ஓட்டம் ஓடியது அந்த வண்டி. ஆள் இறக்க பஸ் ஒரு இடத்தில் ஒதுங்கியது. ஜன்னலை ஒட்டி, கையாட்டுவதற்கு ஒரு கையைக்கூட ஒதுக்காமல், தலையை மட்டும் அரசகம்பீரமாக ஒருமுறை அசைத்துவிட்டுக் கடந்தான் தாண்டவராயன். பாஞ்சாலியின் வாய் திறந்தபடியே நின்றது.

டீக்கடை. பஸ் ஸ்டாண்டு. தெரு. வாசல்!

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பாய்ந்தான். சேட்டு கை கழுவிவிட்டானா? அந்தக் கை காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா?

சேட்டு இன்னும் இலைமுன் உட்கார்ந்திருந்தான். கை நிறையச் சாம்பார். முகத்தில் வேதனை. கண்களில் நீர்.

"தாண்டவா, வந்துட்டியா, நல்லா இருப்ப! எய்ந்துக்க வுடமாட்டேங்குதுப்பா உன் பொண்டாட்டி. கைய எடுத்தா இட்லி வெக்கிது. எலைய மடிச்சா மடிப்பு மேலயே வெக்கிது. மூணு தடவ மாவு கரைச்சு ஊத்தி அவிச்சிருச்சு. இனிமே என்னத்தான் மாட்டு வண்டியில ஏத்தினு போணும்."

கோமளவல்லி இவன் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியில் இருந்த கடைசி இட்டிலியைச் சட்டியிலேயே திரும்பப் போட்டாள். "வயிறு நெறையலன்னா கேளு சேட்டு அண்ணா" என்றாள். காது ஓரம் மட்டும் சிவந்திருந்தது.

வாகை சூடினான் மன்னவன்! தூக்குவாளியை உயர்த்தினான். மிஞ்சியிருந்த கால்வாளி மோர், கடல் கடைந்து எடுத்த அமுதம்போல் ஒளிர்ந்தது. அவள் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அக்கா மோர்தான், உப்பு அதிகம். பிறகு வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"மூடி எங்கியா?"

மடியைத் தடவினான். இருந்தது. எடுத்துக் கொடுத்தான்.

"மூடாமயா வந்த?" அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போவும்போது நின்னுச்சா?"

"நின்னுச்சு. ரெண்டு தடவ. வரும்போது ஒரு தடவ."

"மூடி இல்லாம வந்தப்ப?"

"நிக்கவே இல்ல." அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி மூடியின் மேல் சுரண்டினாள். காய்ந்து பாறையாகிப் போன சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்கீழ் இன்னொரு சந்தனம், அதன்கீழ் இன்னொரு குங்குமம் என்று பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. கடைசியில் ஒரு கடுகளவு ஓட்டை தெரிந்தது. காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். ஓட்டை அடைபட்டால் டேங்கே தன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

தாண்டவராயன் நெஞ்சு விம்மியது. நரம்பு புடைத்தது. எட்டுத் திக்கும் கேட்க முழங்கினான்: "எவன்டா அது? என் வண்டி மூக்க அடைச்சவன் எவன்? இந்த மண்ணுல எங்க ஒளிஞ்சிருந்தாலும் வுடமாட்டேன்! அவன் கைய ஒடைக்கல, என் பேரு தாண்டவராயன் இல்ல!"

"நான் இல்லப்பா" என்று சேட்டு அவசரமாகக் கை கழுவினான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க வந்த பாஞ்சாலி, "எம் பக்கம் இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள்.

கோமளவல்லி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு புருஷனையே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி அந்த மூடியில் பொட்டு வைத்தது தாண்டவராயன்தான்.