முறையான வழியாக ஒரு கல்விக் கடன்

எங்கள் பெண் ஜ்யோத்ஸ்னாவின் படிப்பு விஷயத்தில் வங்கியும் கல்லூரியும் மற்ற எல்லோரும் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்மேல் ஆட்சேபம் எழுப்பக் கூடாது.

டில்லி லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. என் கணவர் ராஜாராமன் ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். வீட்டில் காஸ் சிலிண்டருக்கு ஒரு ஃபைல், பால் கார்டுக்கு ஒரு ஃபைல். நான் மிக்ஸி ரிப்பேர் என்று சொன்னால் கூட, "எப்போதிலிருந்து? முன்னால் இப்படி ஆனதுண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவார்.

இவரும் பெண்ணும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவள் பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. "அவ எப்போ வருவான்னு கேளு" என்பார் என்னிடம், அவள் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. "ஆறரைன்னு சொல்லு அம்மா" என்பாள் அவள். நான் சொல்வேன். அலுவலகத்தில் இதற்கு 'முறையான வழியாக' என்று பெயராம். அன்றிலிருந்து இந்த வீட்டில் முறையான வழி நான்தான்.

2002-இல் அவள் துவாரகா பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் வருடம். அந்தச் சமயம் டில்லியில் பி.ஏ. படிக்கிறாள் என்று சொன்னால் துக்கம் விசாரிப்பார்கள். முதல் வருடத்துப் பணத்தைச் சேமநல நிதியிலிருந்து எடுத்துக் கட்டினோம். அந்த நிதியில் பாதியை ஏற்கனவே மூத்தவள் ஹம்சாவின் கல்யாணத்துக்கு எடுத்தாகிவிட்டது. இரண்டாம் வருடத்துக்குக் கல்விக் கடன் என்று முடிவாயிற்று. பிப்ரவரி கடைசிக்குள் முழுப்பணமும் கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். கட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

ஜூலையில் வங்கிக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"பெண் கல்லூரியில் படிக்கிறாள் என்பதற்குச் சான்றிதழ்?"

"இந்த வருஷத்துப் பணம் கட்டினால்தான் கொடுப்பார்களாம்."

"கட்டிவிடுங்கள்."

"கட்டத்தான் கடன் கேட்கிறோம்."

"கடன் வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டுமே, பெஹன்ஜி."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையை ஆட்டி, "சரியாத்தான் சொல்றார்" என்றார் தமிழில். ஆபீஸில் நன்றாக எழுதின குறிப்பைப் படித்துவிட்டு வரும் நாட்களில் அந்த முகம் வரும்.

அடுத்து, வசதி இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கடன் என்றார் மேனேஜர். எங்களுக்கு வசதி இல்லை என்றேன். அப்படியானால் எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள் என்றார். இவருக்கு ஓய்வு பெற மூன்று வருடம்தான் பாக்கி என்பதால், கூட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பெஹன்ஜி, நீங்களே போடலாமே. என்ன படிப்பு?"

"எட்டாவது."

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். படிப்புக்கான கட்டங்கள் பத்தாவதிலிருந்துதான் ஆரம்பித்தன.

"உங்களுக்குக் கட்டம் இல்லை" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று ரசீது கொடுத்தார்கள். இவர் அதற்கு ஒரு ஃபைல் போட்டார்.

தீபாவளி வந்தது. பரிசீலனை முடியவில்லை. கல்லூரியிலிருந்து தவணையாவது கட்டு என்று கடிதம் வந்தது. ஜ்யோத்ஸ்னா என்னிடம், "அப்பாகிட்ட சொல்லிடு, நான் வேலைக்குப் போறேன்" என்றாள். சொன்னேன். "எந்த மாதிரி வேலைன்னு கேளு" என்றார். கேட்டேன். "டெலிபோன்ல பேசற வேலை" என்றாள். அவளுக்கு அதில் முன் அனுபவம் நிறைய உண்டு என்று இவர் சொன்னதை மட்டும் நான் முன்னே அனுப்பவில்லை.

கரோல் பாகில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஆபீஸ். மத்தியானம் ஒரு மணிக்குக் கல்லூரியிலிருந்து நழுவி, இரண்டு பஸ் மாறிப் போவாள். அங்கே ஜ்யோத்ஸ்னா என்ற பெயர் செல்லாது. வாடிக்கையாளர்களுக்கு வாயில் நுழையாது என்று நிஷா என்று வைத்துவிட்டார்கள். முதல் வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பாடம் பண்ணினாள். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த, தேன் தடவின ஒரு குரல். என் வீட்டில் அதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"வணக்கம் சார், நான் நிஷா பேசுகிறேன். தங்களுடைய பொன்னான இரண்டு நிமிடங்கள் கிடைக்குமா? தனிநபர் கடன் சார். எந்தக் காகிதமும் வேண்டாம். பத்தே நிமிடம்."

"எந்த பேங்க்குடி?" என்றேன்.

பெயரைச் சொன்னாள். அதே வங்கி.

"அங்கேதானே உன் ஃபைல் நாலு மாசமாத் தூங்கறது?"

"அரே அம்மா, அது பிராஞ்ச். இது சேல்ஸ். அவா கொடுக்காம இருக்கறதுக்கு. நாங்க கொடுக்கறதுக்கு."

"அப்போ நீயே உனக்கு ஒரு போன் பண்ணி வாங்கிக்கயேன்."

"ஸ்டூடண்ட்டுக்குக் கொடுக்க மாட்டா. வேலையில இருக்கணும்."

"உனக்குத்தான் வேலை இருக்கே?"

"பார்ட் டைம் எல்லாம் வேலை இல்லையாம்."

கல்லூரி மட்டும் அதை வேலை என்று ஒப்புக்கொண்டது. மத்தியான வகுப்புகளுக்கு வரவில்லை என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டே வந்தது.

அந்த வருடம் டில்லியில் கடன் என்பது ஃபேஷன். நாலாவது மாடி சாவித்திரி மாமி மொட்டைமாடியில் வடாம் பிழியும்போது, "எங்களுக்கு மூணு பேங்க்லேர்ந்து கூப்பிடறா. உங்காத்துக்கு இன்னும் வரலையா?" என்று கேட்டாள். இன்னும் பெண் பார்க்க வரவில்லையா என்று கேட்கிற அதே தொனி. எனக்கு அவமானமாகிவிட்டது.

பிப்ரவரி இருபதாம் தேதி சாயங்காலம் இவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் பயந்துபோனேன்.

"பணத்துக்கு வழி பண்ணிட்டேன், வைதேஹி. ஆபீஸுக்கு ஒரு போன். ஒரு பொண்ணு, நிஷான்னு பேர். என்ன மரியாதை தெரியுமோ? 'பொன்னான ரெண்டு நிமிஷம்'கறா. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என் நிமிஷத்தைப் பொன்னுன்னு யாரும் சொன்னதில்லை. ஒரு மணி நேரத்துல பேப்பரோட ஆள் வந்துட்டான். கையெழுத்துப் போட்டாச்சு."

"வட்டி?"

"கொஞ்சம் ஜாஸ்திதான். படிப்புக் கடனைவிட ரெண்டு மடங்கு. ஆனா அந்தப் பொண்ணு பேசின விதம்! நம்மாத்துலயும் இருக்கே ஒண்ணு, அவ பேசினா காதுல சரளைக் கல் விழற மாதிரி. கத்துக்கச் சொல்லு."

ஏழு மணிக்கு ஜ்யோத்ஸ்னா வந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் அட்டையில் செய்த பெரிய நட்சத்திரம்.

"அம்மா, இன்னிக்கு நூறாவது கஸ்டமர்! ஒரு பெரியவர். கவர்மெண்ட் ஆபீஸ். கம்ப்யூட்டரே டயல் பண்றது, நாங்க பேர் கேக்கக் கூடாது, சார்னுதான் சொல்லணும். எவ்வளவு பொறுமையாக் கேட்டார் தெரியுமா? நம்ம அப்பாவும் இருக்காரே!"

இரண்டு அறிக்கைகளும் என் கையில் இருந்தன. இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியது என் கடமை. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் சந்தோஷமாக இருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஃபைலை மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். நாளைக்கும் வைத்துக்கொண்டேன். பரிசீலனை என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரொம்ப சௌகரியமான விஷயம்.

பணம் கட்டியாயிற்று. கல்லூரி சான்றிதழ் கொடுத்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார். பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் விண்ணப்பம் மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டது. தந்தையார் ஏற்கனவே இதே வங்கியில் தனிநபர் கடன் பெற்றிருப்பதால் அவருடைய திருப்பிக் கட்டும் சக்தி குறைந்துவிட்டது. மேலும், இந்த வருடத்துக் கட்டணம் கட்டப்பட்டுவிட்டதாகத் தாங்கள் இணைத்த சான்றிதழே கூறுவதால் கடன் தேவைப்படவில்லை. வருந்துகிறோம்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார் இவர். ஆனால் அன்றைக்கு மோர் சாதம் சாப்பிடவில்லை.

அதே வாரம் கல்லூரியிலிருந்தும் கடிதம். மாணவியின் வருகை போதாது, ஹால் டிக்கெட் தர இயலாது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. வருகைக் குறைவு மன்னிப்புக் கட்டணம் செலுத்தினால் மாணவி வந்ததாகக் கருதப்படுவார். கடைசித் தேதி ஏப்ரல் ஏழு.

பணம் கட்ட வேலைக்குப் போனாள். வேலைக்குப் போனதால் வகுப்புக்குப் போகவில்லை. வகுப்புக்குப் போகாததற்குப் பணம் கட்ட வேண்டும். இதில் எந்த இடத்தில் தப்பு என்று நானும் இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். எட்டாவது வரை படித்த புத்திக்கு அகப்படவில்லை.

நட்சத்திரம் வாங்கியதால் ஜ்யோத்ஸ்னாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கொடுக்கும் பிரிவிலிருந்து வசூல் பிரிவுக்கு.

ஏப்ரல் ஐந்து. இவர் ஆபீஸில் சம்பளப் பட்டியலில் ஏதோ ஆட்சேபம் வந்து சம்பளம் தாமதம். தவணை தவறிவிட்டது. அன்று சனிக்கிழமை, வீட்டில் ஈஸிசேரில் படுத்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"நான் இல்லைன்னு சொல்லு" என்றார்.

எடுத்தேன். அதே தேன் குரல். "வணக்கம். திரு. ராஜாராமன் இருக்கிறாரா? அவருடைய தவணை சம்பந்தமாக நிஷா பேசுகிறேன்."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் நான் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யை நான் பெற்ற பெண்ணிடமே சொன்னேன்.

"அவர் வெளியில போயிருக்கார்."

இவர் இருமினார். அந்தப் பக்கம் தேன் இல்லாத குரல், தமிழில்.

"அம்மா. அது அப்பா இருமல்."

"ஆமா."

"லிஸ்ட்ல பேரைப் பாத்தேன். வேற யாரோ ராஜாராமன்னு நெனச்சேன். அப்போ அந்த நூறாவது கஸ்டமர்..."

"ஆமாண்டி."

"உனக்குத் தெரியுமா?"

"பரிசீலனையில வெச்சிருந்தேன்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "யாரு?" என்றார் இவர். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, நிஷா நம் பெண்தான் என்று சொன்னேன். முதல் தடவையாக எந்த விளக்கமும் கேட்காமல் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "நன்னாப் பேசறான்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட சொல்லு, நாளைன்னிக்கு ஏழாம் தேதி. மன்னிப்புப் பணம் கட்டலேன்னா ஹால் டிக்கெட் கிடையாது. அவர் பேர்ல இனிமே ஒரு கடனும் வராது." சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, சூப்பர்வைசர் வரார். இதெல்லாம் ரெகார்ட் ஆறது." உடனே தேன் திரும்பி வந்தது. "மேடம், வீட்டுத் தலைவிகளுக்கென்று எங்களிடம் ஒரு சிறப்புத் திட்டம் இருக்கிறது. எந்தக் காகிதமும் வேண்டாம். பத்தே நிமிடம்."

"நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன்" என்றேன்.

"படிப்பையே நாங்கள் கேட்பதில்லை மேடம். தங்கள் பெயரை மட்டும் சொன்னால் போதும்."

இவரைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது ஃபைலுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

என்னை எந்த அலுவலகமும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை. குரலைச் சரிசெய்துகொண்டு, நான் பெற்ற பெண்ணுக்கு என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.