இரண்டு பேருக்கு இரண்டு புள்ளி மூன்று

என் அனுமதி இல்லாமல் இனி எங்கள் காரின் எந்தச் சக்கரத்திலும் காற்று ஏறாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் அறிவிக்க முடியவில்லை. அறிவித்திருந்தாலும் என் மனைவி ரோஸ்விதா கேட்டிருக்கப் போவதில்லை.

நாங்கள் புதுக் கார் வாங்கியிருந்தோம். கூடவே, பனிக்காலத்தில் மாற்றிப் போட நான்கு குளிர்கால டயர்களும் வந்தன. ஜெர்மனியில் எங்கள் ஊரான எஸ்லிங்கனில் எல்லா வீட்டிலும் அவை நிலவறைக்குப் போகும். எங்கள் நிலவறையில் இடமில்லை. நான் சரிசெய்யப்போகிற மூன்று காபி மெஷின்கள், மோட்டார் இல்லாத புல்வெட்டி, எப்போதோ விற்றுவிட்ட காரின் கூரையில் சாமான் கட்டும் சட்டம் என்று எல்லாம் அங்கே இருந்தன. எல்லாமே ஒருநாள் உதவும் என்பது என் கட்சி. அதனால் டயர்கள் நடையில் கோட்டுகளுக்குக் கீழே நின்றன. ரோஸ்விதா தினமும் அவற்றில் இடித்துக்கொண்டாள். ஆனால் சண்டை போடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சண்டைக்குப் பதிலாக ஒருநாள் என்னிடம் யோசனை கேட்டாள். புது டயருக்கு எத்தனை 'பார்' காற்றழுத்தம் வைக்கலாம் என்று. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ரெண்டரை," என்றேன். "எந்தக் காரா இருந்தாலும் ரெண்டரை. எங்கப்பா கடைசிவரைக்கும் அதான் வெச்சாரு."

"உங்கப்பா ஓட்டினது டிராக்டர்."

"டயர் டயர்தானே."

அவள் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினாள். இரண்டு பேர் போனால் இரண்டு புள்ளி மூன்று. ஐந்து பேரும் சாமான்களுமாக முழுப் பாரம் என்றால் இரண்டு புள்ளி எட்டு.

"ரெண்டரையே இதுல இல்லையே, எக்கார்ட்."

அதெல்லாம் வக்கீலுக்குப் பயந்து ஒட்டுவது என்றேன். அவள் மூடியைச் சாத்திவிட்டு நேராக வேலிப்பக்கம் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் க்னாப். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், என்னைவிட ஒரு தலை உயரம். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி வைக்கிற மாதிரி அவர் காற்றளக்கும் கருவியைத் தோலுறைக்குள் வைத்திருப்பார். வண்டி எடுப்பதற்கு முன், சக்கரம் சில்லென்று இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். ரோஸ்விதா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். என் பேச்சுக்கு அந்தத் தலை அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. பிறகு அவருக்கு பிளம் கேக் இரண்டு துண்டு, மேலே குவியலாகக் க்ரீம். எனக்குக் கருகிய ஓரம்.

பொறாமைதான். வயிறெல்லாம் பொறாமை. ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரமே க்னாப்பைவிடப் பெரிய கருவி ஒன்றை வாங்கினேன். தினமும் பைஜாமாவோடு வெளியே போய் நான்கு சக்கரத்தையும் அளந்தேன். இரண்டு புள்ளி மூன்று. க்னாப் சொன்ன கணக்கு சரியாக இருந்தது எரிச்சலாக இருந்தாலும், மனைவி என் பொறுப்பில், சக்கரம் என் பொறுப்பில் என்று ஒரு நிம்மதி.

வியாழக்கிழமை காலை முள் இரண்டு புள்ளி எட்டில் நின்றது. நான்கு சக்கரத்திலும்.

முழுப் பாரம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அப்படியானால் நான் இல்லாத நேரத்தில் இந்தக் காரில் ஏறும் பாரம் யார்? காபியை ஆற்றுகிற சாக்கில் கேட்டேன்.

"நேத்து கார் எடுத்தியா?"

"ஆமா. சும்மா ஒரு சுத்து."

"தனியாவா?"

"அன்ஸ்கார் வந்தான்."

யார் அன்ஸ்கார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரமானது. அது க்னாப்பின் முதல் பெயர். பக்கத்து வீட்டில் பதின்மூன்று வருஷமாக அவர் 'க்னாப் சார்', 'நீங்க', 'வாங்க'. எங்கள் ஊரில் அது சும்மா மாறாது. ஒருவர் முறையாகக் கேட்டு, மற்றவர் சம்மதித்து, கையில் கிளாஸோடு கண்ணைப் பார்த்துக் குடித்தால்தான் மாறும். யார் கேட்டார்கள்? யார் கண்ணை யார் பார்த்தார்கள்?

அன்று காற்றை இரண்டு புள்ளி மூன்றுக்கு இறக்கினேன். மறுநாள் காலை மறுபடி இரண்டு புள்ளி எட்டு. இறக்கினேன். ஏறியது. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க அந்த நான்கு சக்கரங்களுக்குள் நடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை டிக்கியைத் திறந்து பார்த்தேன். கம்பளிக்கு அடியில் இரண்டு பழுப்புப் பெட்டிகள். நாங்கள் தேனிலவுக்கு எடுத்துப்போன பெட்டிகள். பூட்டியிருந்தன. தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. சும்மா ஒரு சுத்துக்கு யாரும் இவ்வளவு துணியோடு போவதில்லை.

போகப்போகிறாள். அவள் இல்லாத சமையலறையை நினைத்துப் பார்த்தேன். நானும் மூன்று காபி மெஷின்களும் மட்டும். மூன்றிலும் காபி வராது.

ரோஸ்விதா சாவியோடு வந்தபோது நான் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டிருந்தேன்.

"நானும் வரேன்," என்றேன்.

"வாயேன். ஒரு கை கூட இருந்தா நல்லதுதான்."

வேலியோரம் க்னாப் கையுறையோடு நின்றார். குட் மார்னிங் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். கார் ரயில் நிலையம் இருக்கும் திசையில் போனது. கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமே இல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

நிலையத்துக்கு முன்னாலேயே கார் திரும்பி நகராட்சிக் கழிவு சேகரிப்பு முற்றத்துக்குள் நுழைந்தது. போகிற வழியில் ஏதோ குப்பையைப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். ரோஸ்விதா காவலாளியிடம் பேச இறங்கினாள், க்னாப்பும் கூடப் போனார். கடவுள் எனக்காகவே திறந்து வைத்த வழி என்று தோன்றியது. பெட்டி இல்லாமல் எப்படி ஓடிப்போவார்கள்?

முதல் பெட்டியை மேடைமேல் இழுத்துக்கொண்டு போனேன். முதுகு கெஞ்சியது. க்னாப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"கொடுங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

"தொடாதீங்க. இது எங்க குடும்ப விஷயம்."

பெரிய சாமான்களை நசுக்கும் தொட்டிக்குள் பெட்டியைத் தள்ளினேன். போய் இரண்டாவதையும் கொண்டுவந்து தள்ளினேன். காவலாளி பொத்தானை அழுத்த, இரும்புப் பலகை மெதுவாக இறங்கியது. இடுப்பில் கைவைத்து ரோஸ்விதாவைப் பார்த்தேன்.

"இனிமே எங்க போறீங்கன்னு நானும் பாக்கறேன்."

"வீட்டுக்குத்தான்," என்றாள் ரோஸ்விதா. அவள் கண் கலங்கியிருந்தது. "நீயே போட்டுட்டியா எக்கார்ட்? இதை மட்டும் எப்படி உங்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு வாரமா தவிச்சேன்."

"எதை?"

"உன் கார் பத்திரிகைங்க. முப்பது வருஷத்தது. நிலவறையிலேருந்து கடைசி நடை அதான்."

தொட்டிக்குள் ஏதோ மடமடவென்று உடைந்தது.

காபி மெஷின்கள் வியாழக்கிழமைக்கு முன்பே போயிருந்தன. புல்வெட்டி வெள்ளிக்கிழமை. தூக்கியது க்னாப். கூரைச் சட்டத்தை ஒன்றாக இறக்கிய அன்று, இவ்வளவு சுமந்த பிறகும் 'நீங்க' என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டது ரோஸ்விதாதானாம். கையில் கிளாஸுக்குப் பதில் தெர்மாஸ் மூடி.

வீட்டுக்கு வந்ததும் நிலவறைக்கு ஓடினேன். தரை தெரிந்தது. நான்கு குளிர்கால டயர்கள் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தன. சுத்தமாகப் பெருக்கியும் இருந்தது.

"நடையில டயர் இல்லாததைக்கூட நான் பாக்கலையே. இத்தனை நாளா ஒருதடவை கூடக் கீழ இறங்கலையே," என்றேன்.

"எப்படி இறங்குவ? தினமும் சக்கரத்தை இல்ல பாத்துட்டு இருந்த." அவள் எனக்கு பிளம் கேக் வைத்தாள். இரண்டு துண்டு, க்ரீமோடு. "டயருக்கு எவ்வளவு காத்துன்னு உங்கிட்ட எதுக்குக் கேட்டேன்னு நினைச்ச?"

சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு என் பெரிய கருவியை என் கையிலேயே கொடுத்தாள்.

"போய் ரெண்டு புள்ளி மூணுக்கு இறக்கிடு. இனிமே பாரம் ஒண்ணும் இல்ல. நாம ரெண்டு பேர்தான்."

முட்டி போட்டு இறக்கினேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. டயரிலிருந்து மட்டும்தான் என்று அவள் நினைத்திருப்பாள்.